சக்கர நாற்காலியில் ஓர் அறுவை மருத்துவர்

1954 ஜனவரி 30. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர்கள் சிலர் உல்லாசப் பயணம் சென்ற வாகனம் விபத்துக்குள்ளானது. படுகாயமுற்றவர்களுள் ஒருவர், கேரளத்தில் 1925-இல் பிறந்த மேரி வர்கீஸ். முகம் சிதைந்தது, தண்டுவடமும் காயமுற்றது. அன்றுமுதல் இறுதிவரை அவர் கால்கள் இயங்கவில்லை.

தண்டுவடம் மூளைக்கும் உடலுக்கும் இடையிலான செய்திப் பாதை. அது முற்றிலும் சிதைந்தால், காயத்துக்குக் கீழே அசைவும் உணர்வும் ஒருசேர மறைகின்றன. நடக்க இயலாமை கண்ணுக்குத் தெரியும் இழப்பு மட்டுமே. சிறுநீர்ப்பையும் குடலும் கட்டுப்பாட்டை இழக்கின்றன; தசைகள் தாமாகவே வெட்டி இழுக்கின்றன. நெடுநேரம் ஒரே நிலையில் இருந்தால், அழுத்தத்தால் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தோலும் சதையும் அழுகுகின்றன. வலி தெரியாததால், புண் எலும்பை எட்டும்வரைகூட நோயாளி அறியாதிருக்கக்கூடும். அக்காலத்தில் இத்தகையோரின் உயிரைப் பறித்தவை பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே.

அப்போது வேலூரில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் சீராக்கிவந்தார் டாக்டர் பால் பிராண்ட். கைகால்கள் சிதைவதற்குக் காரணம் நோய் சதையைத் தின்பதன்று, வலியுணர்வு போனதால் அறியாமல் நேரும் காயங்களே என்று நிறுவியவர் அவர். மேரியை அந்தப் பணிக்கு அழைத்தவரும் அவரே. அழைப்பில் இரக்கத்தைவிடக் கணக்கே மிகுதி என்பது என் கருத்து. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கை அறுவைச் சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம். மேரியின் விரல்களுக்கோ எந்தப் பழுதும் இல்லை. பல்லாண்டு செலவிட்டு உருவான ஒரு மருத்துவரின் திறன், கால்கள் இயங்கவில்லை என்பதற்காக ஏன் வீணாக வேண்டும்?

கால்களில் உணர்வற்ற மருத்துவர், கைகளில் உணர்வற்ற நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி சிகிச்சை அளித்தார். தொழுநோயாளிகளை ஊரே ஒதுக்கிவைத்த காலம் அது. வலியில்லாத உடலைக் கண்ணால்தான் காவல் காக்க வேண்டும் என்பது இரு தரப்புக்கும் பொது விதியாக இருந்தது.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று, பிறர் துணையின்றி வாழும் பயிற்சி பெற்றார். அங்கிருந்து திரும்பியபின் அவருடைய நாட்டம் மாறியது. கைகளைச் சீராக்குவதோடு நில்லாமல், முடங்கியவர்களை வாழ்க்கைக்கே திருப்பும் மருத்துவத்தைக் கற்க விரும்பினார். நியூயார்க்கில் அத்துறையின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் பயின்று, வேலூர் திரும்பி மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார்.

1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் இத்தகைய நிலையங்களில் இந்தியாவில் அதுவே முன்னோடி. மரத்திலிருந்து விழுந்தவர்களும் சாலை விபத்தில் சிக்கியவர்களும் அங்கே படுக்கையில் புரளவும், நாற்காலிக்கு மாறவும், சிறுநீர்ப்பையைப் பேணவும், வாழ்வதற்கு ஒரு தொழிலைத் தேடிக்கொள்ளவும் கற்றனர். கற்பித்த துறையின் தலைவரும் சக்கர நாற்காலியில்தான் வந்தார்.

1972-இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. விபத்துக்குப் பின் 32 ஆண்டுகள் வாழ்ந்து 1986-இல் மறைந்தார். பாகாயத்தில் உள்ள அந்த நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.