பெர்சி ஜூலியன்

அமெரிக்க நாட்டின் மாண்ட்கோமரி நகரில் 1899-ஆம் ஆண்டு பெர்சி ஜூலியன் பிறந்தார். அவர்தம் பாட்டனார் அடிமையாய் வாழ்ந்தவர். கறுப்பினத்தவர்க்கு அந்நகரில் அரசு உயர்நிலைப்பள்ளி இல்லை. எனினும், ஊக்கம் குன்றாது பயின்று, 1931-இல் வியன்னாவில் டாக்டர் பட்டம் பெற்றார்.

விலங்குகளின் உடலில் கொலஸ்டிரால் இருத்தல்போல, செடிகொடிகளிலும் ஸ்டீரால்கள் உள்ளன. ஜூலியன் பணிபுரிந்த சிகாகோத் தொழிற்சாலையில், சோயா எண்ணெய்த் தொட்டியுள் நீர் கசிந்து வெண்ணிறப் படிவு தோன்றியது. எண்ணெய் பாழாயிற்றென வருந்தாமல், அப்படிவில் ஸ்டீரால் உண்டென அவர் தெளிந்தார். அதிலிருந்து, கருச்சிதைவைத் தடுக்க அந்நாளில் அளிக்கப்பெற்ற புரோஜெஸ்டிரோன் மருந்தை மிகுதியாக ஆக்கினார். அரிய மருந்து எளியதாயிற்று.

1951-இல், மக்கள் இருவரும் உள்ளிருக்க, அவர் இல்லத்தின்மீது நிறவெறியர் வெடி எறிந்தனர். ஜூலியன் ஊரைவிட்டு அகலவில்லை, ஆராய்ச்சியையும் கைவிடவில்லை. 1975-இல் அவர் மறைந்தார். அறிவுக்கு நிறமில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.