புழுக்களைத் தேடி 52 வயதில் கடல் கடந்த ஓவியர்... யார் இந்த மரியா மெரியன்?

புழுதான் வண்ணத்துப்பூச்சியாக மாறுகிறது என்பது இன்று பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். ஆனால், 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பூச்சிகள் சேற்றிலிருந்து தானாகவே பிறக்கும் என்றுதான் பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத் தூரிகையால் உடைத்தவர்களில் ஒருவர் மரியா சிபில்லா மெரியன்.

13 வயதில் தொடங்கிய ஆர்வம்

1647இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தவர் மரியா. 3 வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். ஓவியரான வளர்ப்புத் தந்தைதான் வரையக் கற்றுக்கொடுத்தார். 13 வயதில் பட்டுப்புழு வளர்த்துப் பார்த்தவர், பிறகு கையில் கிடைத்த புழுக்களை எல்லாம் வளர்க்கத் தொடங்கிவிட்டார்.

அப்படி என்ன புதுசு?

அதுவரை பூச்சிகளைப் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் வரைந்தார்கள். மரியா, ஒரு புழு எந்தச் செடியைத் தின்னுமோ அந்தச் செடியோடு சேர்த்தே அதை வரைந்தார். முட்டை, புழு, கூடு, பூச்சி எல்லாம் ஒரே பக்கத்தில்! 1679இல் வந்த அவரது கம்பளிப்புழு புத்தகம் இப்படித்தான் இருந்தது.

சுரினாம் பயணம்

கணவரைப் பிரிந்து ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய மரியா, 1699இல் தன் ஓவியங்களை விற்றுப் பணம் திரட்டினார். இளைய மகள் டொரோத்தியாவுடன், தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் காலனியாக இருந்த சுரினாமுக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது 52.

கரும்பை விட்டுவிட்டுப் புழுவைத் தேடுகிறாரே என்று தோட்ட முதலாளிகள் கேலி செய்தார்கள். காட்டில் வழி வெட்டிக் கொடுத்ததும், புழுக்களைப் பிடித்து வந்ததும் அடிமைகளும் பழங்குடி மக்களும்தான். ஆனால், அவர்களின் பெயர்கள் அவர் புத்தகத்தில் இல்லை.

மயில்கொன்றை சொல்லும் கதை

நம்ம ஊர் வீட்டு வாசல்களிலும் பூக்கும் மயில்கொன்றையை மரியா அங்கே வரைந்தார். தங்கள் குழந்தையும் அடிமையாகிவிடக் கூடாது என்று அடிமைப் பெண்கள் அதன் விதையைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்தியதை ஓவியத்துடன் எழுதி வைத்தார். அந்தப் பெண்களே தன்னிடம் சொன்னதாகவும் பதிவு செய்தார். ஒரு பூவின் படம், மனிதக் கொடுமைக்குச் சாட்சியானது இப்படித்தான்.

கேலியும் அங்கீகாரமும்

உடல்நலம் கெட்டதால் 1701இல் ஊர் திரும்பினார். 1705இல் 60 படங்களுடன் சுரினாம் பூச்சிகள் பற்றிய புத்தகம் வெளியானது. அதில் பெரிய சிலந்தி ஒன்று பறவையைத் தின்னும் படமும் உண்டு. இதெல்லாம் கட்டுக்கதை என்று 19ஆம் நூற்றாண்டில் சிலர் அவரை விமர்சித்தார்கள். ஆனால், சிலந்தியிடம் சிக்கிய சிறு பறவைகளை அமேசான் பகுதியில் நேரில் பார்த்ததாக ஹென்றி பேட்ஸ் 1863இல் எழுதினார்.

மரியா 1717இல் ஆம்ஸ்டர்டாமில் காலமானார். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸ், பின்னாளில் அவரது படங்களைப் பயன்படுத்தினார். யூரோ வருவதற்கு முன்பு, ஜெர்மனியின் 500 மார்க் நோட்டிலும் மரியாவின் முகம் இடம்பெற்றது.

செடி இல்லாமல் பூச்சி இல்லை. ஒரு செடியை வெட்டினால் அதோடு எதெல்லாம் போகும் என்பதை அவர் படங்கள் இன்றும் காட்டுகின்றன.