மிக்கி மேண்டில்

மிக்கி சார்லஸ் மேண்டில் (அக்டோபர் 20, 1931 – ஆகஸ்ட் 13, 1995) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புகழ்பெற்ற அடிபந்தாட்ட (பேஸ்பால்) வீரர் ஆவார். 1951 முதல் 1968 வரை 18 ஆண்டுகளும் நியூயார்க் யாங்கீஸ் என்ற ஒரே அணிக்காக விளையாடிய இவர், அடிபந்தாட்ட வரலாற்றின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராகக் கருதப்படுகின்றார். 536 ஹோம் ரன்களை அடித்துள்ளார். (பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அனுப்பி, அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி வருவது ஹோம் ரன் எனப்படும்.) விளையாட்டில் பெற்ற புகழுக்கு இணையாக, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த குடிப்பழக்கத்துக்காகவும், வாழ்வின் இறுதியில் அதைப் பொதுமக்கள் முன் ஒப்புக்கொண்ட நேர்மைக்காகவும் இவர் நினைவுகூரப்படுகின்றார்.

பிறப்பும் இளமையும்

மேண்டில் ஒக்லகோமா மாநிலத்திலுள்ள ஸ்பாவினா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை எல்வின் மேண்டில் 'மட்' என்ற பெயரால் அறியப்பட்டவர். ஈய, துத்தநாகச் சுரங்கத் தொழிலாளி. தாயார் லவெல். அடிபந்தாட்டத்தில் பெரும் பற்றுக்கொண்டிருந்த தந்தை, அக்காலத்துப் புகழ்பெற்ற வீரரான மிக்கி காக்ரனின் பெயரையே மகனுக்குச் சூட்டினார். மேண்டிலின் சிறுவயதிலேயே குடும்பம் சுரங்கப் பகுதியான காமர்ஸ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது.

தந்தை சுரங்க வேலை முடிந்து வந்ததும், வீட்டருகே இருந்த தகரக் கொட்டகையின் முன் மகனை நிறுத்தி நாள்தோறும் பயிற்சி அளித்தார். தந்தையும் பாட்டனார் சார்லசும் மாறி மாறிப் பந்து வீசினர். ஒருவர் வலக்கையாலும் மற்றவர் இடக்கையாலும் வீசியதால், சிறுவன் இருபுறமும் நின்று அடிக்கக் கற்றுக்கொண்டான். பந்து வீசுபவரின் கைக்கு எதிர்ப்புறத்தில் நிற்கும் மட்டையாளருக்கு வளைந்து வரும் பந்தைக் கணிப்பது எளிது. எனவே இருபுறமும் அடிக்க வல்லவருக்கு எந்தப் பந்து வீச்சாளரிடமும் அந்த வசதி கிடைக்கின்றது. பிற்காலத்தில் மேண்டிலைத் தனித்துவமான வீரராக்கியது இந்தப் பயிற்சியே ஆகும்.

உயர்நிலைப் பள்ளியில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியின்போது இடது காலில் உதை விழுந்ததால் இவருக்கு எலும்புச் சீழ்நோய் உண்டானது. காலை வெட்டி எடுக்க நேரலாம் என்ற நிலையில், அப்போது புதிதாகப் பயன்பாட்டுக்கு வந்திருந்த பெனிசிலின் மருந்து காலைக் காப்பாற்றியது. எனினும் இந்நோயின் பாதிப்பு வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. கொரியப் போர்க் காலத்தில் இக்காரணத்தால் இவர் படைச்சேவைக்குத் தகுதியற்றவர் என அறிவிக்கப்பட்டார். இவ்வளவு வலிமையாக ஆடுபவர் போருக்குச் செல்லவில்லையே என்று அரங்குகளில் சிலர் இவரை ஏளனம் செய்தனர்.

நியூயார்க் யாங்கீஸ் அணியில்

யாங்கீஸ் அணிக்கு வீரர்களைத் தேர்ந்தெடுப்பவரான டாம் கிரீன்வேட், 1949ஆம் ஆண்டில் மேண்டிலை ஒப்பந்தம் செய்தார். இரண்டு ஆண்டுகள் கீழ்நிலை அணிகளில் ஆடிய பின், 1951 ஏப்ரலில் தமது 19ஆம் வயதில் மேண்டில் முதன்மை அணியில் இடம்பெற்றார். அவருக்கு 6ஆம் எண் சட்டை வழங்கப்பட்டது. யாங்கீஸ் அணியில் 3ஆம் எண் பேப் ரூத்துக்கும், 4ஆம் எண் லூ கெரிக்குக்கும், 5ஆம் எண் ஜோ டிமாஜியோவுக்கும் உரியவை. அந்த வரிசையில் அடுத்த மாவீரர் இவரே என்பதை அவ்வெண் உணர்த்தியது.

எதிர்பார்ப்பின் சுமையைத் தாங்க இயலாமல் தடுமாறிய இவர், அவ்வாண்டு ஜூலையில் கான்சாஸ் நகரக் கீழ்நிலை அணிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அங்கும் சரியாக ஆட முடியாமல் மனமுடைந்து தந்தையை அழைத்தார். ஆறுதல் கூறுவார் என எதிர்பார்த்த மகனிடம் தந்தை ஆறுதல் எதுவும் கூறவில்லை. ஊருக்குத் திரும்பிச் சுரங்க வேலைக்கு வரலாம் என்று கூறி, மகனின் துணிமணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். மேண்டில் தமக்கு இன்னொரு வாய்ப்புத் தருமாறு வேண்டினார். சில வாரங்களில் நன்கு ஆடி முதன்மை அணிக்குத் திரும்பினார். இம்முறை அவருக்குக் கிடைத்த 7ஆம் எண்ணே இறுதிவரை அவருடைய அடையாளமாயிற்று.

முழங்கால் காயமும் தந்தையின் மறைவும்

1951 அக்டோபர் 5 அன்று நடைபெற்ற உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், வில்லி மேஸ் உயர அடித்த பந்தைப் பிடிக்க மேண்டில் ஓடினார். பந்தை டிமாஜியோ பிடிக்க வந்ததைக் கண்டு சட்டென நின்றபோது, அவருடைய காலணி ஆணி தரையிலிருந்த வடிகால் மூடியில் சிக்கியது. வலது முழங்கால் கடுமையாகக் காயமுற்றது. அதன் பின்னர் இவர் வலியின்றி ஆடிய காலம் குறைவு.

மறுநாள் மருத்துவமனை வாயிலில் வாடகை வண்டியிலிருந்து இறங்கிய மேண்டில், தந்தையின் தோளைப் பற்றிக்கொண்டார். மகனின் பாரம் தாங்காமல் தந்தை நடைபாதையில் சரிந்து விழுந்தார். இருவரும் ஒரே அறையில் அனுமதிக்கப்பட்டனர். தந்தைக்கு ஹாட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றுநோய் முற்றியிருந்தது அப்போதுதான் தெரியவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மேண்டில், மெர்லின் ஜான்சன் என்பவரை மணந்தார். 1952 மே மாதத்தில் தந்தை 40ஆம் வயதில் காலமானார்.

மேண்டில் குடும்பத்து ஆண்கள் பலர் இளம் வயதிலேயே இறந்திருந்தனர். தாமும் நாற்பதைத் தாண்டப் போவதில்லை என இவர் உறுதியாக நம்பினார். இந்நம்பிக்கை இவருடைய வாழ்க்கை முறையைப் பெரிதும் தீர்மானித்தது. தந்தை இறந்த பின்னரே மிகுதியாகக் குடிக்கத் தொடங்கியதாக இவர் பின்னாளில் தெரிவித்தார்.

சாதனைகள்

1952 முதல் டிமாஜியோவின் இடமான மையக் களத்தில் இவர் ஆடினார். 1953 ஏப்ரல் 17 அன்று வாஷிங்டன் கிரிபித் அரங்கில் இவர் அடித்த பந்து, அரங்கைத் தாண்டி 565 அடி (சுமார் 172 மீட்டர்) சென்றதாகக் கணக்கிடப்பட்டது. இந்த அளவின் துல்லியம் குறித்துப் பின்னர் ஐயங்கள் எழுந்தபோதிலும், மிகத் தொலைவான ஹோம் ரன்கள் பற்றிய பேச்சில் இது இன்றும் முதலிடம் பெறுகின்றது.

1956ஆம் ஆண்டு இவரது பொற்காலமாகும். மட்டையடிச் சராசரி 0.353, ஹோம் ரன்கள் 52, அணிக்கு ஈட்டித் தந்த ஓட்டங்கள் 130 என மூன்றிலும் முதலிடம் பெற்று 'மும்முடி' என்ற அரிய சிறப்பை அடைந்தார். 1956, 1957, 1962 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கன் லீக்கின் மிகுமதிப்பு வீரர் விருதைப் பெற்றார். இவர் ஆடிய 12 உலகத் தொடர்களில் யாங்கீஸ் அணி ஏழில் வென்றது. உலகத் தொடர்களில் இவர் அடித்த 18 ஹோம் ரன்கள் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனையாகும்.

தொடக்கத்தில் டிமாஜியோவுடன் ஒப்பிட்டு இவரை இகழ்ந்த நியூயார்க் ரசிகர்கள், 1961ஆம் ஆண்டில் மனம் மாறினர். அவ்வாண்டு பேப் ரூத்தின் 60 ஹோம் ரன் சாதனையை எட்ட மேண்டிலும் சக வீரர் ரோஜர் மாரிசும் போட்டியிட்டனர். வேறு அணியிலிருந்து வந்தவரான மாரிசை விட, தங்கள் அணியிலேயே வளர்ந்த மேண்டில் வெல்வதையே பலர் விரும்பினர். இடுப்பில் ஏற்பட்ட சீழ்க்கட்டியால் மேண்டில் 54 உடன் நின்றுவிட, மாரிஸ் 61 அடித்துச் சாதனை படைத்தார். வலியோடு ஆடித் தோற்ற மேண்டிலுக்கு, வென்றிருந்தாலும் கிடைத்திராத அன்பு அதன் பின் ரசிகர்களிடம் கிடைத்தது.

குடிப்பழக்கமும் குடும்பமும்

அணித் தோழர்களான பில்லி மார்ட்டின், வைட்டி போர்டு ஆகியோருடன் மேண்டில் இரவு நேரக் கேளிக்கைகளில் ஈடுபட்டார். 1957 மே மாதத்தில் நியூயார்க்கின் கோபகபானா கேளிக்கை விடுதியில் மார்ட்டினின் பிறந்தநாளை யாங்கீஸ் வீரர்கள் கொண்டாடியபோது ஏற்பட்ட கைகலப்பு, செய்தித்தாள்களில் பெரிதாக இடம்பெற்றது. எனினும் அக்காலத்துச் செய்தியாளர்கள் பொதுவாக வீரர்களின் சொந்த வாழ்வை எழுதுவதில்லை. 1970இல் முன்னாள் சக வீரர் ஜிம் பவுட்டன் வெளியிட்ட நூலே மேண்டிலின் குடிப்பழக்கத்தைப் பலருக்கு முதன்முதலாக வெளிப்படுத்தியது.

கால்களின் நிலை மோசமானதால் 1969 மார்ச் மாதத்தில் இவர் ஓய்வை அறிவித்தார். அவ்வாண்டு ஜூன் 8 அன்று 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் இவரது 7ஆம் எண்ணுக்கு யாங்கீஸ் அணி ஓய்வளித்தது. 1974இல் அடிபந்தாட்டப் புகழ்க் கூடத்தில் சேர்க்கப்பட்டார். 1983இல் அட்லாண்டிக் சிட்டியிலுள்ள ஒரு சூதாட்ட விடுதியில் விளம்பரப் பணியை ஏற்றதால் அடிபந்தாட்டத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். இத்தடை 1985இல் நீக்கப்பட்டது.

ஓய்வுக்குப் பின் குடிப்பழக்கம் மேலும் கூடியது. மேண்டிலுக்கு நான்கு மகன்கள். ஆண்டின் பெரும்பகுதியை வெளியூர்களில் கழித்த இவர், தம் தந்தை தமக்குக் கொடுத்த நேரத்தைத் தம் மகன்களுக்குக் கொடுக்கவில்லை. அவர்கள் வளர்ந்த பின் அவர்களுடன் சேர்ந்து குடிப்பதே உறவாயிற்று. மனைவியும் மகன்களும் குடிப்பழக்கத்தால் பாதிக்கப்பட்டனர். 1988இல் கணவனும் மனைவியும் பிரிந்து வாழத் தொடங்கினர்; ஆயினும் மணமுறிவு செய்துகொள்ளவில்லை. தோழர் மார்ட்டின் 1989ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில் வாகன விபத்தில் இறந்தார்.

கல்லீரல் பழுதடைந்துள்ளதாக மருத்துவர் எச்சரித்ததைத் தொடர்ந்து, 1994 சனவரியில் மேண்டில் கலிபோர்னியாவிலுள்ள பெட்டி போர்டு மையத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்தார். மகன் டேனி அங்கு முன்னரே சிகிச்சை பெற்றிருந்தது இவருக்குத் துணிவளித்தது. சிகிச்சையின் ஒரு பகுதியாக, நாற்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த தந்தைக்கு இவர் ஒரு கடிதம் எழுதினார். மையத்திலிருந்து வெளியேறிய சில வாரங்களில், மார்ச் மாதம், மகன் பில்லி 36ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தார். தோழர் மார்ட்டினின் நினைவாகப் பெயரிடப்பட்ட இம்மகனுக்கு, பாட்டனாரைத் தாக்கிய அதே ஹாட்ஜ்கின் நோய் இருந்தது. இத்துயரத்திலும் மேண்டில் மீண்டும் குடிக்கவில்லை.

இறுதி நாட்கள்

1995இல் இவருக்குக் கல்லீரல் இழைநார் வளர்ச்சி, ஈரல் அழற்சி சி, கல்லீரல் புற்றுநோய் ஆகியவை கண்டறியப்பட்டன. ஜூன் 8 அன்று, 7ஆம் எண்ணுக்கு ஓய்வளிக்கப்பட்டு 26 ஆண்டுகள் நிறைவடைந்த அதே நாளில், டல்லாசிலுள்ள பெய்லர் மருத்துவ மையத்தில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடைபெற்றது. காத்திருப்போர் பலர் இருக்கையில் புகழ் காரணமாக இவருக்கு விரைவில் உறுப்பு கிடைத்ததா என்ற கேள்வி எழுந்தது. நோயின் கடுமையே காரணம் என மருத்துவர்கள் விளக்கினர்.

ஜூலை 11 அன்று உடல் மெலிந்த நிலையில் இவர் செய்தியாளர்களைச் சந்தித்தார். தாம் எவருக்கும் முன்மாதிரி அல்லர் என்றும், தமக்கு வாய்த்த திறமையை வீணடித்துவிட்டதாகவும் கூறிய இவர், தம்மைப் போல் வாழ வேண்டாம் எனச் சிறுவர்களைக் கேட்டுக்கொண்டார். உறுப்பு வழங்கியவருக்கு நன்றி தெரிவித்து, உறுப்புக் கொடையை வலியுறுத்தினார். சில வாரங்களில் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியது. ஆகஸ்ட் 13 அன்று, 63ஆம் வயதில் டல்லாசில் காலமானார்.

நினைவு

இறுதிச் சடங்கில் விளையாட்டு ஒலிபரப்பாளர் பாப் காஸ்டஸ் இரங்கலுரை ஆற்றினார். சிறுவயது முதல் இவரின் ரசிகரான காஸ்டஸ், மேண்டிலின் படம் அச்சிட்ட ஆட்ட அட்டையைத் தம் பணப்பையில் வைத்திருப்பவர். நாயகன் என்பதும் முன்மாதிரி என்பதும் வேறு வேறு என்பதை மேண்டிலே உணர்ந்து சொன்னதை அவர் தம் உரையில் எடுத்துக்காட்டினார். 1950களில் வளர்ந்த ஒரு தலைமுறையின் உணர்வும் இதுவே. இவரின் குறைகளை அறிந்த பின்னும் அவர்கள் இவரை வெறுக்கவில்லை.

மேண்டில் பெயரில் தொடங்கப்பட்ட அறக்கட்டளை உறுப்புக் கொடை பற்றிய விழிப்புணர்வை ஏற்படுத்தியது. 1996 ஆகஸ்டில் யாங்கீஸ் அரங்கில் இவருக்கு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. 1952இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மேண்டில் அட்டை ஒன்று, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.