சந்தனத் தைலமும் விசுவேசுவரய்யாவும்

குடகு மலையிற் பிறந்த காவிரி, மைசூர் நாட்டைக் கடந்து, நமது பென்னாகரம் வட்டத்து ஒகேனக்கலில் அருவியாய் வீழ்கின்றது. வழியில் அதனைத் தேக்கி நிற்கும் கண்ணம்பாடி அணையோடு ஸர் எம். விசுவேசுவரய்யாவின் பெயர் பிணைந்திருத்தலை யாவரும் அறிவர். அவரே மைசூரிற் சந்தனத் தைலம் வடிக்கும் தொழிலையும் நிலைபெறச் செய்தார் என்பதைப் பலர் அறியார். நறுமணப் பயிர்களைப் பற்றிய பேச்சு இன்று உழவரிடையே மிகுந்திருத்தலின், அவர் வரலாற்றில் அப்பகுதியைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம்.

சிக்கபள்ளாப்பூருக்கு அணித்தான முத்தனஹள்ளி அவர் பிறந்த ஊர். தந்தையார் வடமொழி வல்லவர். இளமையிலேயே தந்தையை இழந்த விசுவேசுவரய்யா, பெங்களூரிற் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துத் தாமும் பயின்று, 1881-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர்ப் புனாவிற் பொறியியல் கற்றுப் பம்பாய் அரசாங்கப் பணியில் அமர்ந்தார். வெள்ளம் மிகும்போது தாமே திறந்துகொள்ளும் மதகுகளை அவர் அமைத்தார். அவை 1903-ல் கடக்வாஸ்லா அணையில் முதன்முதற் பொருத்தப்பட்டன. 1909-ல் மைசூரின் தலைமைப் பொறியாளராகவும், 1912-ல் திவானாகவும் ஆனார்.

மைசூரிற் சந்தனம் திப்பு சுல்தான் காலமுதல் அரச மரம். ஆண்டுதோறும் கட்டைகள் ஏலத்தில் விற்கப்பட்டன. பெரும்பகுதி ஜெர்மனிக்குச் சென்று ஆங்குத் தைலமாயிற்று. மரம் நம்முடையது, வடிக்கும் அறிவும், அதனால் வரும் ஊதியமும் அயலாருடையன. 1914-ல் மகாயுத்தம் மூளவே அவ்வாணிகம் நின்றது. கட்டைகள் விலைபோகாது குவிந்தன.

இவ்விடுக்கணையே திவான் வாய்ப்பாக மாற்றினார். தொழிலிலாகாத் தலைவர் ஆல்பிரட் சாட்டர்டன் முன்னின்று ஊக்கினார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து ரசாயன நூலார் ஸட்பரோவும் வாட்ஸனும் சோதனைகள் நடத்தினர். மரத்தின் வயிரத்தையும் வேரையும் சிறு துண்டுகளாக்கிப் பொடித்து, நீராவியை அதனூடே நெடுநேரம் செலுத்தினால், ஆவியோடு தைலமும் எழும். குளிர்வித்தால் நீரினின்று தைலம் பிரியும். சோதனை பலிக்கவே, 1916-ல் பெங்களூரில் ஆலை எழுந்தது. அடுத்து மைசூர் நகரிலும் ஒன்று அமைந்தது. 1918-ல் சவுக்காரத் தொழிற்சாலையும் தோன்றியது. மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்ததும் அதே 1916-ம் ஆண்டில்தான். கல்வியும் தொழிலும் ஒருங்கே வளரவேண்டும் என்பது அவர் துணிபு.

எனினும் பெரியோர் செயலையும் ஆராய்ந்து கொள்ளுதலே மாணவர்க்கு அழகு. அரசாங்கப் பணிகளிற் பின்தங்கிய வகுப்பாருக்கு இடம் ஒதுக்கும் கொள்கைக்கு அவர் உடன்படவில்லை. 1918-ல் பதவி துறந்தார். அக்கொள்கை நாட்டுக்கு நன்மையே பயந்ததென்பது நம் கருத்து. சந்தனத்திலும் ஒரு குறை நீடித்தது. தன் நிலத்தில் முளைத்த மரமும் அரசுக்கே உரியதாயிருந்தமையால், உழவன் அதனைப் பேணினானல்லன். அது தொல்லையென்றே எண்ணினான். கள்வர் கைக்கும் பல மரங்கள் இரையாயின. கர்நாடகத்தில் 2001-லும் தமிழகத்தில் 2002-லும் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே வளர்த்தவனுக்கு உரிமை கிடைத்தது. நூறாண்டு வாழ்ந்து, 1955-ல் பாரத ரத்னா விருதும் பெற்று, 1962-ல் மறைந்த அப்பெரியார் இம்மாற்றத்தைக் கண்டாரல்லர்.

இக்காலத்தில் ஜம்மு நாட்டுப் பதர்வாவில் லாவெண்டர்ச் செடியை உழவர் பயிரிட்டு, அணித்தேயுள்ள வாலைகளில் தைலம் வடிக்கின்றனர். அச்செடி குளிர்நிலத்துக்குரியது; பென்னாகரத்து வெயிலுக்கு ஏலாது. நம் மாவட்டத்து மலைகளுக்கோ சந்தனம் புதியதன்று. அம்மரம் அண்டை மரங்களின் வேரிற் பற்றி உணவு கொள்வது. தனித்து நட்டாற் செழிக்காது. வயிரம் பாயவோ பல்லாண்டு வேண்டும். ஆதலின் இன்று நடுவோன் தன் மக்களுக்காக நடுகின்றான்.

விளைபொருளை வந்த விலைக்கு விற்றுவிடும் நாடு பிறர்க்கு உழைக்கின்றது. அதனைப் பக்குவஞ் செய்யக் கற்ற நாடு தனக்கு உழைக்கின்றது. விசுவேசுவரய்யாவின் வாழ்க்கை இதனை நமக்குக் காட்டியது. அப்பயன் நட்டவன் இல்லத்தையும் அடையுமாறு செய்தல் நம் தலைமுறையின் கடன். ரசாயனமும் தாவர நூலும் பயிலும் நம் மாணவர் அக்கடனை மேற்கொள்வாராக.