நாகூர் மஹான்

அதிகாரம் என்பது ஆயுதத்தினாலும் பதவியினாலும் மட்டுமே உண்டாவதென்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அவ்விரண்டும் இன்றியே சோழமண்டலக் கரையில் ஜனங்களின் உள்ளத்தை ஆண்டவர் நாகூர் ஷாஹுல் ஹமீது. அவருடைய சரித்திரத்தை அரசியல் ஊழியர்கள் ஊன்றிப் படிக்க வேண்டுமென்பது நமது விருப்பம்.

வடநாட்டில் மாணிக்கப்பூரில் பிறந்த அவர், குவாலியர் முகம்மது கௌது என்னும் சூபி ஞானியிடம் உபதேசம் பெற்றார். மக்கா யாத்திரைக்குப் பின், மாலத்தீவு, இலங்கை வழியாகத் தமிழகம் வந்து, சீடர்களுடன் நாகூரில் தங்கினார். தஞ்சை அச்சுதப்ப நாயக்கரின் தீராப் பிணியை அவர் தீர்த்தாரென்றும், மன்னர் நன்றியறிதலாக நிலம் வழங்கினாரென்றும் மரபு கூறும். 1570 வாக்கில் நாகூரிலேயே அடக்கமானார்.

அவருடைய செல்வாக்கின் முழு அளவும் மறைவுக்குப் பின்னரே வெளிப்பட்டது. நாகூர் ஒரு துறைமுகம். மரக்காயர்களின் கப்பல்களும், பல மதத்துப் படகோட்டிகளும், அவர்களுடைய நேர்த்திக்கடன்களும் அந்தத் தர்காவைச் சுற்றியே இருந்தன. அந்த ஜனங்களின் நம்பிக்கையைப் பெறாமல் துறைமுகத்தை அமைதியாக ஆள்வது எந்த அரசனுக்கும் எளிதன்று. மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் (1739–1763) 131 அடி உயர மினாரை எழுப்பினார். அவர் குமாரர் துளஜா கிராமங்களை மானியமாக அளித்தார். தஞ்சையுடன் பகைமை பாராட்டிய ஆற்காட்டு நவாபும் அதே தர்காவை ஆதரித்தார். இதில் பக்தியும் உண்டு, ராஜதந்திரமும் உண்டு. போர்க்களத்தில் எதிர்நின்ற இரு தர்பார்களும் ஒரு பக்கீரின் வாசலில் தலை வணங்கின என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

கப்பலேறிய தமிழர் அவர் நினைவைக் கடல் கடந்தும் கொண்டு சென்றனர். சிங்கப்பூரில் 1828–1830 ஆம் ஆண்டுகளில் அவர் பெயரால் ஒரு நினைவாலயம் எழுந்தது. வடக்கே கனகசெட்டிக்குளம் அடங்கிய புதுவைக் கரையிலும், நாகூரை அடுத்த காரைக்காலிலும் 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்தது. நாகூரிலோ 1947 வரை ஆங்கிலக் கொடி. கந்தூரிக்குச் சென்ற ஜனங்களின் பக்தியை எந்தக் கொடியும் எல்லை கட்டிப் பிரிக்கவில்லை.

தேர்தல் நெருங்கும்போது மட்டும் தர்காக்களை நினைப்போர் இன்றும் உளர். செல்வாக்கு கடன் வாங்கக்கூடிய பொருளன்று. இந்துவும் முஸ்லிமும் தங்களவர் என்று ஏற்றுக்கொள்ளும்படி வாழ்ந்தவனுக்கே அது கிட்டும். பதவியை நாடாத ஒருவரிடம் பதவியில் இருந்தோர் தேடி வந்தனர். தேசத் தொண்டர்கள் இதை மறவாதிருப்பார்களாக.