கலங்களின் மொழியறிந்த வைத்தியர் சார்ள்ஸ் ஹகின்ஸ்

முதுமையில் சிறுநீர் கழிப்பதில் ஏற்படும் சிரமத்தை வெளியிற் கூற நம்மில் பலர் கூச்சப்படுகின்றனர். ஹாலிஎல நகரிலும் ஊவாவின் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி இக்கூச்சம் நிலவுகின்றது. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள புரொஸ்டேட் சுரப்பி வயதுடன் பருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். எனினும், சில வேளைகளில் அங்கு புற்றுநோய் மறைந்திருக்கக்கூடும். அந்நோய் உடலிற் பரவிய பின்னரும் அதனைக் கட்டுப்படுத்தலாம் என்று உலகுக்கு உணர்த்தியவர் சார்ள்ஸ் ஹகின்ஸ் ஆவார்.

1901 ஆம் ஆண்டு கனடாவின் ஹலிபெக்ஸ் நகரிற் பிறந்த ஹகின்ஸ், 1924 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1927 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இணைந்தார். புற்றுநோய்க் கலங்கள் உடலின் எந்தக் கட்டளைக்கும் அடங்காதவை என்ற எண்ணம் அன்று வேரூன்றியிருந்தது. நாய்களின் புரொஸ்டேட் சுரப்பியை ஆராய்ந்த அவரோ, ஆண் ஹோர்மோன் குன்றினால் அச்சுரப்பி சுருங்குவதைக் கண்டார். 1941 இல், நோய் பரவிய ஆண்களின் விதைகளை அகற்றியும் பெண் ஹோர்மோனை வழங்கியும் அவரும் சகாக்களும் சிகிச்சையளித்தபோது பலருக்கு எலும்பு வலி தணிந்தது. புற்றுநோய்க் கலமும் பிற கலங்களின் செய்தியை எதிர்பார்த்தே வாழ்கின்றது என்பது இதனால் நிரூபணமாயிற்று. 1966 இல் பெய்டன் ரவுஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆயினும், அடங்கிய நோய் பலரிடம் மீண்டும் தலைதூக்கியது. அதிரினல் சுரப்பிகளிலிருந்து ஹோர்மோன் கிடைக்கின்றதோ எனச் சந்தேகித்த ஹகின்ஸ், 1945 இல் அவற்றையும் அகற்றிப் பார்த்தார். அன்று அம்முயற்சி பெரும்பலன் தரவில்லை. அவரது சந்தேகம் தவறானதன்று என்பதை, அச்சுரப்பிகளிலும் ஹோர்மோன் உற்பத்தியைத் தடுக்கும் அபிரட்டரோன் மருந்து 2011 இல் பாவனைக்கு வந்தபோது உலகம் உணர்ந்தது.

சிகிச்சைக்கு நோய் இணங்க மறுப்பதேன் என்பதும் இன்று பெருமளவு தெளிவாகியுள்ளது. ஹோர்மோன் குறையும்போது, அதனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளைப் புற்றுநோய்க் கலம் பெருக்கிக்கொள்கின்றது. சில வேளைகளில் தானே ஹோர்மோனைத் தயாரிக்கின்றது. எலும்பை அடைந்த கலம் அங்குள்ள கலங்களைத் தூண்ட, எலும்பிலிருந்து வெளிப்படும் பதார்த்தங்கள் அதன் வளர்ச்சிக்கு உரமாகின்றன. ஒரு செய்தியை நாம் தடுத்தால், அது மறு செய்திக்குச் செவிசாய்க்கின்றது.

1997 இல் தமது 95 ஆவது வயதில் ஹகின்ஸ் காலமானார். அவரது வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் ஒன்றுண்டு. வலி தணிந்தவுடன் நோய் அகன்றுவிட்டதெனக் கருதிக் கிளினிக் செல்வதை நிறுத்திவிடலாகாது. ஒரு மருந்து பலனளிக்காதபோது அனைத்தும் முடிந்துவிட்டதென மனந்தளரவும் வேண்டியதில்லை. ஒரு நாள் வேதனத்தை இழந்து பதுளைக்கோ மஹரகமவுக்கோ செல்வது தோட்டத் தொழிலாளிக்கு எளிதன்று என்பதை நாம் அறிவோம். எனினும், இலவச சிகிச்சை வழங்கும் அரச வைத்தியசாலைகள் உள்ள நாட்டில், கூச்சத்தினால் ஒரு முதியவரை இழக்க இடமளிக்கலாகாது. தந்தையிடம் இதனை எடுத்துக்கூறும் பொறுப்பு பிள்ளைகளையே சாரும்.