பாத்திரம் கழுவிய ஆசிரியர்

ஜெர்மானிய இறையியல் அறிஞர் டீட்ரிக் போன்ஹோஃபர் (1906–1945) காந்தியடிகளுடன் தங்கிப் பயில விரும்பினார். அடிகளும் 1934-இல் கடிதம் எழுதி அவரை வரவேற்றார். ஆனால் ஹிட்லரின் ஆட்சிக்குத் திருச்சபை பணியலாகாது என்று நின்ற கிறிஸ்தவர்கள், இளம் போதகர்களைப் பயிற்றுவிக்க அவரை அழைத்தனர். இந்தியப் பயணம் கைகூடவில்லை.

1935-இல் பால்டிக் கடற்கரையில் தொடங்கிய அப்பயிற்சிக் கல்லூரி, விரைவில் ஃபின்கன்வால்டே என்னும் ஊருக்கு மாறியது. அங்கே நாள்தோறும் அரைமணி நேரம் மௌன தியானம். வாரம் முழுவதும் ஒரே வேதப்பகுதி. மாணவர்கள் முதலில் முணுமுணுத்தனர். பழக்கமில்லாதவர்க்கு மௌனம் எளிதா என்ன! உடனில்லாத சகோதரரைப் பற்றிப் பேசலாகாது என்பதும் விதி.

தொடக்க நாட்களில் ஒருமுறை, பாத்திரம் கழுவ உதவி வேண்டுமெனச் சமையலறையிலிருந்து கேட்டனர். எவரும் எழவில்லை. ஆசிரியர் எழுந்து சென்றார். பின்தொடர்ந்து ஓடிவந்த மாணவர்களை உள்ளே விடாமல் தாமே அவ்வேலையைச் செய்து முடித்தார். பிறகு அதுபற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

1937-இல் ரகசியக் காவல்துறை கல்லூரியை மூடியது. 1939-இல் அமெரிக்காவில் புகலிடம் கிடைத்தும், தம் மக்களின் துன்பத்தில் பங்குகொள்ள எண்ணி, ஒரு மாதமும் தங்காமல் தாயகம் திரும்பினார். ஹிட்லரை வீழ்த்த முயன்றவர்களோடு சேர்ந்தார். 1943-இல் சிறைப்பட்டார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 39.